1918 த்ரீ நாட் த்ரீ (.303) ரைபிள், 100 மீட்டரில் குரூப் சிதறுகிறது: முன்சைட்டை அராவலாமா?

கொழுந்துமலை (பண்டாரவளை), ஞாயிறு இரவு 8.40

எல்லாருக்கும் வணக்கம். எங்கள் சுடும் சங்கத்து அலுமாரியில் பல வருடமாகச் சும்மா கிடந்த லீ-என்பீல்ட் ஒன்றை இந்த வருடம் என் பொறுப்பில் விட்டிருக்கிறார்கள். அனுமதிப்பத்திரம் சங்கத்தின் பெயரில் இருக்கிறது, ரேஞ்சில் மட்டும்தான் சுடுகிறோம், அந்தப் பக்கம் சிக்கல் இல்லை. போல்ட் கைப்பிடிக்குக் கீழே உள்ள இரும்பில் கிரீடம், பி.எஸ்.ஏ. (செய்த கம்பனி), 1918, மார்க் 3 ஸ்டார் (மாடல்) என்று குத்தியிருக்கிறது. எங்கள் சங்கத்துப் பெரியவர் ஒருவர் இது முதலாவது யுத்தத்தில் துருக்கியின் கலிப்போலிக்குப் போன தோட்டத் துரைமார் படையின் துவக்கு என்கிறார்.

அடுத்த மாதம் பழைய ராணுவ ரைபிள்களுக்கு மட்டும் ஒரு சிநேகப் போட்டி. படுத்துச் சுடுவது, 100 மீட்டரும் 300 மீட்டரும், இரும்பு சைட் மட்டும், அதாவது குறி பார்க்க முன்னால் ஒரு முள், பின்னால் ஒரு வெட்டு. முதல் நாள் ரேஞ்சில் மானம் போய்விட்டது. 100 மீட்டரில் ஐந்து ரவை: குரூப், அதாவது துளைகள் விழுந்த பரப்பு, உயரத்தில் 22 செ.மீ., அகலத்தில் 9 செ.மீ. பரவியது. நடு, கறுப்பு வட்டத்துக்கு வலப்பக்கம் 7 செ.மீ., கீழே 6 செ.மீ. பின்சைட் 200 கஜ எண்ணில்தான் இருந்தது.

வலப்பக்கம் போகிறதே என்று முன்சைட்டை இடப்பக்கம் மெல்லத் தட்டினேன். இப்போது 14 செ.மீ. வலப்பக்கம்! இனி முன்சைட்டின் உயரத்தை அரத்தால் கொஞ்சம் குறைத்துப் பார்க்கலாமா?

பழைய கெடட் (ஹட்டன்), ஞாயிறு இரவு 9.25

அரத்தைக் கீழே வை தம்பி. அராவிய இரும்பு திரும்ப வளராது.

முதலில் அந்தத் துவக்கைச் சுடலாமா என்று பார். டீ.பீ. என்று எங்காவது குத்தியிருக்கிறதா? டிரில் பேர்ப்பஸ், அதாவது அணிவகுப்புக்கு மட்டும். நான் கெடட்டாக இருந்தபோது பள்ளிக்கூட ஸ்டோர் ரூமில் நாங்கள் தோளில் தூக்கி நடந்தவை அந்த வகைதான். சிலவற்றில் ரவை அறையிலேயே துளை போட்டிருப்பார்கள். அப்படி ஏதும் இருந்தால் கதை அங்கேயே முடிந்தது, அலுமாரிக்குத் திருப்பி அனுப்பு. அடுத்து, சுட்ட கோதுகளை, அதாவது வெற்றுத் தோட்டாக்களை, பொறுக்கி வைத்திருப்பாய்தானே? அடியிலிருந்து ஒரு விரல் அகலம் மேலே பளபளவென்று ஒரு வளையம் ஓடுகிறதா பார். ஓடினால் போல்ட் முகத்துக்கும் கோதுக்கும் நடுவில் இடம் கூடிப்போய்விட்டது, கோது பிய்ந்துபோகும். அதோடு சுடாதே.

இனி சைட். பின்சைட்டை நகர்த்தினால் சன்னம் (பறந்து போகும் குண்டு) அதே பக்கம் போகும். முன்சைட் அதற்கு நேர் எதிர். சன்னம் வலப்பக்கம் விழுந்தால் முன்சைட்டையும் வலப்பக்கம்தான் தள்ள வேண்டும், துரத்திப் பிடிப்பது மாதிரி. கீழே விழுந்தால் முன்சைட்டைக் குட்டையாக்க வேண்டும், மேலே விழுந்தால் நெட்டையாக்க வேண்டும். நீ இடப்பக்கம் தட்டினாய், 7 பதினாலாயிற்று.

எவ்வளவு தள்ளுவது என்பதற்கும் கணக்கு இருக்கிறது. இந்த மார்க்கில் இரண்டு சைட்டுக்கும் இடையில் ஏறத்தாழ 493 மி.மீ. பிழை 140 மி.மீ., தூரம் 100,000 மி.மீ. 140ஐ 493ஆல் பெருக்கி 100,000ஆல் வகுத்தால் 0.7 மி.மீ.கூட வரவில்லை. இரண்டு விசிட்டிங் கார்டை அடுக்கி வைத்த தடிப்பு. அதைச் சுத்தியலால் தட்டிக்கொண்டிருந்தாயா? முன்சைட்டைத் தள்ளவென்றே திருகு வைத்த கிளாம்ப் உண்டு. அதில் திருகு, பக்கத்தில் வேர்னியர் (நுண் அளவுகோல்) வைத்துப் பார்.

உயரத்துக்கும் அரம் வேண்டாம். முன்சைட் தகடுகள் 0.015 அங்குலப் படியாக வெவ்வேறு உயரத்தில் செய்திருக்கிறார்கள். ஒரு படி குட்டையானதைப் போட்டால் 100 மீட்டரில் ஏறக்குறைய 8 செ.மீ. மேலே வரும். உனக்கு வேண்டியதே அவ்வளவுதான்.

ஆனால் இதெல்லாம் பிறகு. 22 செ.மீ. சிதறுகிற துவக்குக்குச் சைட் சரிசெய்வது, ஓடுகிற பஸ்ஸில் ஊசிக்கு நூல் கோர்ப்பது மாதிரி. குரூப் முதலில் ஓரிடத்தில் கூடட்டும், எந்த இடமாக இருந்தாலும் பரவாயில்லை.

கலிப்போலி கதைக்கு: அந்தத் துரைமார் படை, சிலோன் பிளான்டர்ஸ் ரைபிள் கோர், 1900இல் தொடங்கியது, 1914 அக்டோபரில் எகிப்துக்குக் கப்பலேறியது, 1949இல் கலைத்துவிட்டார்கள். கலிப்போலியை விட்டு எல்லாரும் வெளியேறியது 1916 ஜனவரி. 1918இல் செய்த துவக்கு அங்கே எப்படிப் போகும்? பெரியவரிடம் இதைச் சொல்லாதே, பாவம்.

நோர்வூட் தச்சன், திங்கள் காலை 6.15

உயரத்தில் 22, அகலத்தில் 9 என்றதுமே எனக்குக் கட்டை மேல்தான் சந்தேகம். இந்தத் துவக்கில் குழல் பாதி, மரம் பாதி. குழல் மெல்லியது. அதை மரம் எங்கே தொடுகிறது, எங்கே தொடவில்லை என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. நம்ம பக்கத்து ஈரத்தில் நூறு வயது வால்நட் மரம் என்ன பாடு பட்டிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

கழற்றும்போது ஒன்றை மறக்காதீர்கள். ரவை அறை காலியா என்று பார்ப்பதைச் சொல்லத் தேவையில்லை. தோளில் வைக்கும் பின்கட்டையை ஒருபோதும் முதலில் கழற்றாதீர்கள். பின்கட்டையைப் பிடிக்கிற நீளமான போல்ட்டின் முனை சதுரம், அது முன்கட்டையின் பின்பக்கத் தகட்டில் போய் உட்கார்ந்திருக்கும். முன்கட்டை இருக்கும்போதே போல்ட்டைத் திருப்பினால் அந்தச் சதுரம் மரத்தைப் பிளந்துவிடும். எனக்கு இதை யாரும் சொல்லித்தரவில்லை. இருபத்திரண்டு வயதில், அடுத்தவருடைய துவக்கு, டக் என்று ஒரு சத்தம். இன்றைக்கும் காதில் இருக்கிறது. பிறகு வந்த நம்பர் 4 மாடலில் இந்தத் தொல்லை இல்லை, இதில் உண்டு.

முன்கட்டை வெளியே வந்ததும் பின்முனையில் உள்பக்கம், மகசின் வாய்க்குப் பின்னால், இரண்டு பக்கமும் இரண்டு தோள் தெரியும். சுடும்போது இரும்பு பின்னோக்கி உதைப்பதைத் தாங்குவது அந்த இரண்டு தோளும்தான். அவை நசுங்கியிருந்தால் ஒவ்வொரு ரவைக்கும் இரும்பு வெவ்வேறு இடத்தில் போய் உட்காரும். இரண்டும் ஒரே அளவாகத் தாங்க வேண்டும், ஒன்று மட்டும் தாங்கினால் இன்னும் மோசம்.

குப்பி லாம்பின் புகைக்கரியை இரும்பில் படியவிட்டு, திரும்பப் பூட்டிக் கழற்றிப் பாருங்கள். கரி மரத்தில் ஒட்டிய இடம்தான் தொடுகிற இடம். முன்கட்டையின் நுனியில் உள்ள இரும்பு மூக்குத் தொப்பியின் ஓட்டைக்குள் குழல் இரண்டு பக்கமும் படக்கூடாது. அதற்குச் சற்றுப் பின்னால் மரத்துக்குள் சின்ன ஸ்பிரிங்கும் அதன்மேல் ஒரு குமிழும் இருக்கும், குழலை மேல்நோக்கித் தள்ள. அது அசைகிறதா?

படம் போடுங்கள், பார்க்கிறேன்.

புதுசு (வெலிமடை), திங்கள் பகல் 1.02

இவ்வளவு கஷ்டம் எதற்கு? மேலே ஒரு டெலஸ்கோப் போட்டால் முடிந்ததே?

பழைய கெடட், திங்கள் பகல் 1.30

போட்டி இரும்பு சைட்டுக்கு மட்டும் என்று முதல் பதிவிலேயே இருக்கிறது. அதோடு 1918 இரும்பில் துளை போடுகிறவன் என் வீட்டு வாசல் மிதிக்க வேண்டாம்.

கொழுந்துமலை, வியாழன் இரவு 10.10

டீ.பீ. முத்திரை இல்லை. கோதுகளில் வளையம் இல்லை. ஆயுதப் பழுது பார்க்க அனுமதி உள்ள எங்கள் சங்கத்து மாமாவோடு உட்கார்ந்து கழற்றினேன். நோர்வூட் அண்ணே, உங்களுக்குக் கோயில் கட்ட வேண்டும். மாமா பின்கட்டைக்குத்தான் முதலில் ஸ்குரூட்ரைவரை எடுத்தார். நான் கையைப் பிடித்துவிட்டேன்.

இடத்தோள் சரி. வலத்தோள் நசுங்கி, தேங்காய்த் தும்பு மாதிரி நார் நாராகக் கிடக்கிறது. இரண்டுக்கும் ஒரு நூல் வித்தியாசம் இருக்கும். மரம் உள்பக்கம் கறுத்து எண்ணெய் ஊறியிருக்கிறது, நகத்தால் கீறினால் கோடு விழுகிறது. கரி வைத்துப் பார்த்ததில் மூக்குத் தொப்பியில் குழல் இடப்பக்கம் அழுந்தியிருக்கிறது. அந்தக் குமிழ் துருவில் இறுகி அசையவே இல்லை. மண்ணெண்ணெயில் இரண்டு இரவு போட்டு வெளியே எடுத்தோம். கீழே ஸ்பிரிங் என்று இருந்தது இப்போது சிவப்புப் பொடி.

நோர்வூட் தச்சன், வெள்ளி காலை 5.50

கோயில் வேண்டாம், ஒரு கிலோ நல்ல டஸ்ட் தேயிலை அனுப்புங்கள்.

இடம் நசுங்கி எண்ணெய் ஊறிவிட்டால் எந்தப் பசையும் ஒட்டாது. முதலில் எண்ணெயை இழுக்க வேண்டும். சுண்ணாம்புப் பொடியை நல்லெண்ணெய் பதத்தில் ஸ்பிரிட்டில் குழைத்துப் பூசி, வெயிலில் வையுங்கள். வெயில் கிடைத்தால்தான். பொடி மஞ்சளாகும், தட்டிவிட்டு மறுபடி பூசுங்கள். நான் நாலு தடவை செய்தேன்.

பிறகு நசுங்கியதைச் சதுரமாக வெட்டி எடுத்துவிட்டு முதிரையில் ஒரு துண்டு வைத்துப் பதியுங்கள். முதிரை கிடைக்காவிட்டால் காய்ந்த வேறு வைரமான மரம் எதுவானாலும் சரி. ரேகை கட்டையின் நீளத்துக்கு ஓட வேண்டும், அப்போதுதான் இரும்பு ரேகையின் தலையில் மோதும். குறுக்கே வைத்தால் மறுபடியும் நசுங்கும். கொஞ்சம் தடிப்பாகவே வைத்து, கரி வைத்துப் பார்த்துப் பார்த்து உளியால் சீவுங்கள், இரண்டு தோளிலும் ஒரே அளவாகக் கரி ஒட்டும்வரை. முன்கட்டையைக் கையால் அழுத்தினால் உள்ளே போகக்கூடாது, உள்ளங்கையால் நாலு தட்டுத் தட்டினால் போக வேண்டும்.

இது என் கண்டுபிடிப்பு இல்லை. ஆஸ்திரேலியாவில் லித்கோ தொழிற்சாலை இரண்டாவது யுத்தத்தின்போது மென்மையான மரத்தில் முன்கட்டை செய்ய வேண்டி வந்தபோது அதே இடத்தில் செப்புத் தகடு வைத்தார்கள். நோய் பழையது.

நுவரெலியா டு டொரண்டோ, வெள்ளி இரவு 11.45

பேச்சு மரத்திலேயே நிற்கிறது, ரவையைப் பற்றி யாரும் கேட்கவில்லையே. என்ன ரவை சுட்டாய்? ஒரே பெட்டியா, கலவையா?

303 என்பது குழலுக்குள் சுழன்று ஓடும் மேடுகளில் மேட்டுக்கு மேடு உள்ள அளவு. சன்னம் அதைவிடப் பெரிது, .311 அங்குலம். 1910இல் வந்த மார்க் 7 ரவைக்குச் சன்னம் 174 கிரெய்ன், அடி தட்டையானது. வேகம் வினாடிக்கு 2440 அடி. உன் பின்சைட்டின் எண்கள் அந்த ரவைக்குத்தான் வெட்டியவை. அடி கூம்பிய சன்னம் புதுக் குழலில் அழகாகப் போகும், தேய்ந்த குழலில் பள்ளத்தை நிரப்பாமல் தள்ளாடும். என்னிடம் இருக்கும் 1942 துவக்கு கூம்பிய சன்னத்துக்கு மூஞ்சியைத் தூக்குகிறது, தட்டை அடிக்குச் சமத்தாகச் சுடுகிறது.

குழல் வாயையும் பார். மருந்தில்லாத வெறும் சன்னத்தைக் கூர் கீழே இருக்கும்படி வாயில் வைத்தால் எவ்வளவு முழுகுகிறது? முழுதும் முழுகினால் வாய் தேய்ந்துவிட்டது. குழலுக்குள் கயிறு இழுத்துத் துடைக்கும்போது ஒரே பக்கம் உரசி உரசி வருவதுதான் பெரும்பாலும் காரணம்.

கொழுந்துமலை, சனி காலை 7.20

அண்ணே, கலவைதான். மூன்று வித அடிமுத்திரை, வெவ்வேறு வருடம். நினைத்தாலே வெட்கம். தட்டை அடி உள்ள ஒரே பெட்டி 60 ரவை கேட்டு வாங்கியிருக்கிறேன். சன்னம் வாயில் பாதிக்கும் மேல் வெளியே நிற்கிறது, நல்லதுதானே?

நுவரெலியா டு டொரண்டோ, சனி காலை 7.41

ரொம்ப நல்லது. என்னுடையதைவிட நல்ல குழல். விற்பார்களா?

ராகலை, சனி பகல் 12.30

இழையைத் தொடர்ந்து படிக்கிறேன். எனக்குத் துவக்கு ஆசை இல்லை, அப்பாவுக்கும் இருந்ததில்லை. தாத்தா தோட்டத்தில் துரைக்குத் துவக்கு தூக்கிக்கொண்டு மரை வேட்டைக்குப் போனவர். தொடத்தான் விடுவார்களாம், சுட விடமாட்டார்கள். மேலே சொன்ன பிளான்டர்ஸ் படையிலும் வெள்ளைத் துரைமார் மட்டும்தான். 1940 ஜனவரியில் முல்லோயா தோட்டத்தில் பொலிஸ் சுட்டுத் தொழிலாளி கோவிந்தன் விழுந்தார். 1977இல் டெவன் தோட்டத்தில் சிவனு லெட்சுமணன், அதுவும் பொலிஸ் சூட்டில். மலையகத்தில் துவக்கு என்றால் எங்கள் வீட்டில் வருகிற பேச்சு இதுதான். யாரையும் குறை சொல்லவில்லை, நினைவு வந்தது, எழுதினேன்.

பழைய கெடட், சனி பகல் 12.58

எழுதத்தான் வேண்டும் ராகலை. நான் கெடட்டில் சேர்ந்தேன் என்று கேள்விப்பட்டதும் என் அம்மா இரண்டு நாள் பேசவில்லை. அவர் வளர்ந்தது முல்லோயாவுக்குப் பக்கத்துத் தோட்டத்தில்.

ராகலை, சனி பகல் 1.15

அது போதும் ஐயா. குரூப் கூடியதா என்று தெரிந்துகொள்ள எனக்கும் ஆவல்தான், சொல்லுங்கள்.

கொழுந்துமலை, 11 நாள் கழித்து, புதன் இரவு 9.30

கூடியது!

சுண்ணாம்பு ஐந்து தடவை பூசினோம், வெயில் மூன்று நாள்தான் கிடைத்தது, மீதி அடுப்பங்கரையில். அம்மாவின் ஏச்சைத் தனி இழையாகத்தான் போட வேண்டும். மாமா முதிரைத் துண்டை வைத்தார், கரி வைத்துச் சீவியதில் இரண்டு முழு இரவு போயிற்று. புது ஸ்பிரிங் போட்டோம். மூக்குத் தொப்பியில் குழல் இப்போது பக்கத்தில் படவில்லை, ஒரு கடதாசித் துண்டு இரண்டு பக்கமும் தடையில்லாமல் போகிறது. பின்கட்டையும் ஆடிக்கொண்டிருந்தது, தோல் வட்டம் ஒன்று வெட்டிப் போட்டு இறுக்கினோம், இந்தமுறை சரியான வரிசையில்.

ரேஞ்சில் 100 மீட்டர், ஒரே பெட்டி ரவை. முதல் ஐந்து: உயரம் 8 செ.மீ., அகலம் 6. இரண்டாவது ஐந்து: 7க்கு 6. நடு வலப்பக்கம் 11, கீழே 5. அதற்குப் பிறகுதான் கிளாம்ப்பை எடுத்தேன். 110ஐ 493ஆல் பெருக்கி வகுத்து, 0.54 மி.மீ. வலப்பக்கம் திருகினேன். அடுத்த ஐந்து ரவை நடுக்கோட்டில்! ஒரு படி குட்டையான தகடு போட்டதும் வட்டத்தின் நடுவுக்குச் சற்று மேலே வந்து நின்றது. பின்சைட்டில் குறைந்த எண்ணே 200 கஜம் என்பதால் 100இல் கொஞ்சம் மேலே விழுவது சரிதானே?

முன்சைட் வெயிலில் மினுங்கி ஒரு பக்கம் தடிப்பாகத் தெரிந்தது. பெரியவர் சட்டைப் பையிலிருந்து சூடம் எடுத்துக் கொளுத்தி, அந்தப் புகையில் சைட்டைக் காட்டினார். கரிய வெல்வெட் மாதிரி படிந்தது. கலிப்போலி கதையை மன்னித்துவிட்டேன்.

பழைய கெடட், புதன் இரவு 9.52

சரிதான், கொஞ்சம் மேலேதான் விழ வேண்டும். அதை வட்டத்தின் நடுவுக்கு இறக்கப் போகாதே, 300இல் தலைவலி. வட்டத்தின் அடியில் முள்ளை வைத்துச் சுடப் பழகு.

விசையைப் பற்றி நீ ஒன்றும் எழுதவில்லை. இது இரண்டு கட்ட விசை. முதல் இழுவை 3–4 றாத்தல், அப்புறம் ஒரு சுவர் மாதிரி நிற்கும், அதற்கு மேல் 5–6 றாத்தல். அந்தச் சுவரில் வந்து நின்று, மூச்சைப் பாதியில் நிறுத்தி, பிறகு அழுத்து. லேசாக்குகிறேன் என்று யாராவது வந்தால் விரட்டிவிடு.

நோர்வூட் தச்சன், வியாழன் காலை 6.05

மரத்துக்கு ஆளிவிதை எண்ணெய் தேய்த்தீர்களா? உள்பக்கமும் தேய்க்க வேண்டும், வெளியே மட்டும் தேய்த்தால் பனி உள்ளே இருந்து ஏறும். சும்மா ஈரமாகத் தடவி விடாமல், உள்ளங்கை சுடும்வரை தேய்த்து, ஒரு நாள் விட்டு, மறுபடியும்.

கொழுந்துமலை, வியாழன் இரவு 8.15

வெளியே மட்டும்தான் தேய்த்தேன். இன்றைக்கு அதன் பலனைப் பார்த்தேன். காலையிலிருந்து பனி, தூறல். முதல் ரவை 9 செ.மீ. மேலே. அடுத்தவை எல்லாம் பழைய இடத்தில். மறுபடி ஆறவிட்டுச் சுட்டேன், மறுபடியும் முதல் ரவை மட்டும் மேலே. குழலில் எண்ணெய் இருந்ததாலா, மரமா?

இன்னொன்று. மாமா, நாம் 1,200 மீட்டருக்கு மேலே இருக்கிறோம், காற்று மெல்லியது, அதனால் 300இல் சைட்டைக் குறைக்க வேண்டும் என்கிறார்.

நுவரெலியா டு டொரண்டோ, வியாழன் இரவு 11.20

இரண்டாவதுக்கு முதலில்: அந்த உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிடப் பத்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல் குறையும். 300 மீட்டரில் அது இரண்டு விரல் அகலத்துக்கு மேல் போகாது, உன் கையின் நடுக்கம் அதைவிடப் பெரிது. 900 கஜம் சுடும்போது மாமாவிடம் கேள்.

முதல் ரவைக்கு: அடுத்தமுறை சுடுவதற்கு முன் குழலையும் ரவை அறையையும் உலர்ந்த துணியால் எண்ணெய் சொட்டும் இல்லாமல் துடைத்துவிட்டுச் சுடு. ரவை அறையில் எண்ணெய் இருந்தால் போல்ட்டுக்கு உதை கூடும், அது ஆபத்தும்கூட. துடைத்த பிறகும் முதல் ரவை மேலே போனால் மரம்.

சுட்டு முடிந்ததும் எப்படிக் கழுவுகிறாய்? பழைய ரவைகளின் அடியில் பற்றவைக்கிற தொப்பியில் பொட்டாசியம் குளோரேட். வெடித்த பின் குழலில் மிஞ்சுவது உப்பு. உப்பை எண்ணெய் கரைக்காது, மேலே போர்வை போர்த்திவிடும், அவ்வளவுதான். உங்கள் பனிக்கு ஒரே இரவில் துரு பிடிக்கும். கொதிநீர் ஊற்று.

கொழுந்துமலை, வெள்ளி காலை 6.30

துடைத்துப் பார்க்கிறேன். கொதிநீருக்கு ரேஞ்சிலேயே வழி செய்தாயிற்று. சென்றமுறை பெரியவர் தேத்தண்ணிக்கு வைத்த கேத்தலை அப்படியே குழலில் கவிழ்த்தோம், புனல் வைத்து, ரவை அறைப் பக்கமிருந்து. வாயில் முதலில் சாம்பல் நிறத் தண்ணி வந்தது, கேத்தல் பாதியாகும்போது தெளிந்துவிட்டது. குழல் கையில் பிடிக்க முடியாத சூடு, அந்தச் சூட்டிலேயே உலர்ந்தும் போயிற்று. தேத்தண்ணி இல்லாமல் ஏழு பேர் என்னை முறைத்தார்கள்.

நாளை ரேஞ்ச் கிடைத்திருக்கிறது. நோர்வூட் அண்ணே வருகிறேன் என்றிருக்கிறார், டஸ்ட் கட்டி வைத்திருக்கிறேன்.

நோர்வூட் தச்சன், வெள்ளி காலை 6.48

வருகிறேன். இரண்டாவது கேத்தல் நான் கொண்டு வருகிறேன்.